பால் கொடுக்கும் ஒழுங்கு எப்போது வரும்? – கேள்வி பதில்

தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுத்துக் குழந்தையை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருவது பற்றி வந்த கேள்விகளுக்கு, பாலூட்டல் ஆலோசகர் என்ற முறையில் பதில் தருகிறேன். மருந்துகளைப் பற்றிக் கேட்டவர்கள் தங்கள் மருத்துவரையே அணுக வேண்டும்.

கேள்வி: குழந்தை பிறந்து 9 நாள் ஆகிறது. மாலையில் மணிக்கொரு முறை பால் கேட்கிறாள். எனக்குப் பால் போதவில்லையா?

பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. அந்த வேளைகள் சீரான இடைவெளியில் அமைவதில்லை; மாலையில் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, பிறகு சற்று நீண்ட நேரம் தூங்கும் குழந்தைகள் ஏராளம். பால் இறங்குகிறதா என்பதைக் குழந்தையின் தாடையைப் பார்த்தே அறியலாம். முதலில் வேகமாகச் சப்பும். பால் வரத் தொடங்கியதும் வேகம் குறைந்து, தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, பிறகு விழுங்கும் மெல்லிய ஒலி கேட்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்குக் குறைந்தது 6 ஈர டயப்பர்கள், கறுப்பு மாறி மஞ்சளாகிவிட்ட மலம், இரண்டு வார அளவில் பிறந்த எடைக்குத் திரும்புதல் ஆகிய மூன்றும் இருந்தால் பால் போதுகிறது என்று கொள்ளுங்கள். பிறந்த எடையை எட்டும்வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: காம்பு வெடித்து, வாயை வைத்தாலே உயிர் போகிறது. இது பழகிவிடுமா?

பழகிக்கொள்ள வேண்டிய வலி அல்ல இது. பெரும்பாலும் குழந்தை காம்பை மட்டும் கவ்வுவதால் வருகிறது. குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கும்படி பிடித்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்து, அப்போது மார்போடு அணையுங்கள். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, மோவாய் மார்பில் அழுந்தி, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக வாய்க்குள் போயிருக்க வேண்டும். சரியாக அமையாவிட்டால் வெடுக்கென இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஓரிரு நாளில் மாறாவிட்டால், பால் கொடுப்பதை நேரில் பார்த்துத் திருத்தக்கூடிய ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பவுடர் பால் கொடுக்கிறோம். 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு எவ்வளவு?

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மி.லி. என்பது பொதுக்கணக்கு; உங்கள் குழந்தைக்கு 750 மி.லி. அளவில் வரும். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டால் மிச்சத்தைத் திணிக்காதீர்கள். புட்டியை ஏறக்குறையப் படுக்கைவாட்டில் பிடித்து, இடையிடையே நிறுத்திக் கொடுத்தால், வயிறு நிறைந்ததைக் குழந்தை உணர நேரம் கிடைக்கும். மிச்சப் பாலைக் கொட்டிவிடுங்கள். தண்ணீரை அளந்து ஊற்றிய பிறகே, டப்பாவில் சொல்லியுள்ள எண்ணிக்கையில், தலைதட்டிய கரண்டியால் பவுடரைச் சேர்க்க வேண்டும். நீர்க்கக் கலக்கவே கூடாது.

கேள்வி: வயிறு உப்புசமாக இருந்தால் ஒரு கரண்டி குறைத்துக் கலக்கலாமா?

கூடாது. ஊட்டம் குறைவதோடு, இரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்புகூட வரலாம்.

கேள்வி: கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் ஒழுங்கே வராது. என் பிள்ளைகள் இருவரையும் 3 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பழக்கித்தான் வளர்த்தேன். நீங்கள் இளம் தாய்மார்களைத் தூங்கவிடாமல் செய்கிறீர்கள்.

தாயின் தூக்கத்தைப் பற்றிய உங்கள் கவலையை நான் மதிக்கிறேன், அம்மா. ஆனால் மார்பில் பால் நிறைந்து தேங்கும்போது சுரப்பு மட்டுப்படுகிறது. வெளியேறும்போது வேகம் பிடிக்கிறது. ஒரு வேளைக்கு எவ்வளவு பால் தேக்கிவைக்க முடியும் என்பது தாய்க்குத் தாய் வேறுபடும். மார்பின் அளவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. அதிகம் தேக்கிவைக்கக்கூடிய தாயின் குழந்தை மூன்று மணி நேரம் தானாகவே தாங்கும். அதே இடைவெளியை மற்றொரு தாய்மீது சுமத்தினால், சில வாரங்களில் பால் குறைந்து, குழந்தையின் எடையும் ஏறாமல் நின்றுவிடக்கூடும். உங்களுக்கு ஒத்துவந்தது எல்லோருக்கும் ஒத்துவரும் என்று கொள்ள முடியாது.

அவரே மீண்டும்: மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பச் சொன்னவர் நீங்கள்தானே? அதுவும் கடிகாரம்தானே?

ஆம், கடிகாரம்தான். ஆனால் எழுப்புவதற்குக் கடிகாரத்தைப் பார்ப்பது வேறு, பசித்த குழந்தையைக் காக்கவைப்பதற்குப் பார்ப்பது வேறு. முதலாவது, சோர்ந்து தூங்கும் சிசு பட்டினி கிடக்காமல் காக்கிறது. இரண்டாவது, கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைத் திருப்பித் தேடி, உதட்டைச் சப்புக்கொட்டிக் கேட்ட குழந்தையை அழும்வரை விட்டுவிடுகிறது. அழுகை பசியின் கடைசி அடையாளம். அந்த நிலையில் சரியாகக் கவ்வக்கூட முடியாது.

இன்னொருவர்: அப்படியானால் ஒழுங்கு என்பதே கிடையாதா?

உண்டு. பால் சுரப்பு நிலைப்பட ஆறு வாரங்களாவது விடுங்கள். அதன்பின் மணியைக் காட்டிலும் வரிசையைப் பழக்குங்கள்: விழித்ததும் பால், சிறிது விளையாட்டு, பிறகு தூக்கம், இரவில் மங்கிய வெளிச்சம், பேச்சில்லாமல் பால். இரவு வேளைகளை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இடைவெளி தானாகவே கொஞ்சம் நீளலாம். அங்கும் குழந்தையின் பசிதான் கணக்கு.

கேள்வி: வெயில் அதிகம். நான்கு மாதக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். பால்தான் தண்ணீரும். பவுடர் பாலிலும் கூடுதலாகச் சேர்க்காதீர்கள்.

கேள்வி: மார்பு முன்போல் கனமாக இல்லை. பால் குறைந்துவிட்டதா?

போதுமா என்ற கேள்வி வெவ்வேறு சொற்களில் வந்துகொண்டே இருக்கிறது. முதல் பதிலைப் படித்துவிட்டு டயப்பர்களை எண்ணுங்கள். மார்பு மென்மையாவது சுரப்பு நிலைப்பட்டதன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

கேள்வி: வேலைக்குத் திரும்ப வேண்டும். புட்டியை வாயிலேயே வைக்க மறுக்கிறான்.

கடும்பசி வரும்முன், தாயல்லாத வேறொருவர் முயலட்டும். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். புட்டியின் காம்பை வாய்க்குள் தள்ளாமல் உதட்டில் தொட்டுக் காத்திருங்கள். அழத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள். சில குழந்தைகள் சிறு கிண்ணத்தில் எளிதாகக் குடித்துவிடும். பிழிந்தெடுத்த பாலை 25 டிகிரிக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரமும், ஃபிரிட்ஜில் 4 நாளும் வைக்கலாம். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது.

கேள்வி: ஐந்து நாள் குழந்தை. எழுப்பினாலும் கண் திறப்பதில்லை, குடிப்பதில்லை. நேற்றிலிருந்து இரண்டு டயப்பர்தான் நனைந்திருக்கிறது. இன்னும் ஒரு நாள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம். இதைப் படித்தவுடன் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.