நாவல், மலை நடை, க்வில்ட்: மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி: பொழுதுபோக்கு என்று ஒன்று இருந்தால் போதாதா? நாவல், மலை நடை, க்வில்ட் தையல் என்று மூன்றுக்கும் எப்படி நேரம் கிடைக்கிறது?

கிடைப்பதில்லை. பாதி படித்து நிற்கும் நாவல் மூன்று, பாதியில் நிற்கும் க்வில்ட் ஒன்று இப்போதும் வீட்டில் கிடக்கின்றன. ஆனால் எதையாவது ஒன்றை விட்டால் மற்ற இரண்டும் சப்பென்று ஆகிவிடுகின்றன. அதனால் விடவும் முடியவில்லை.

க்வில்ட் தெரியாதவர்களுக்கு: துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஊசி ஓட்டித் தைப்பது. போர்த்திக்கொள்ளலாம், படமாகச் சுவரிலும் மாட்டலாம். நான் செய்வது இரண்டாவது வகை.

முதன்முதலில் ஒரு மலைக்காட்சி தைத்தேன். ஐந்து வரிசை மலை, ஐந்துக்கும் நல்ல பச்சை. மாட்டிப் பார்த்தால் வேலி மாதிரி இருந்தது. எங்கே தப்பு என்று பிடிபடவே இல்லை. அடுத்த மாதம் நடை போனபோது ஒரு மேட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மலை மட்டும்தான் பச்சை. அதன் பின்னால் இருப்பது நீலம் கலந்தது, அதற்கும் பின்னால் வெளிர் நீலம், கடைசி வரிசை வானத்தோடு கரைந்தே போயிருந்தது. இடையில் உள்ள காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால் வருவது இது. படித்திருக்கிறேன், பார்த்ததில்லை! வீட்டுக்கு வந்து நாலு மலையைப் பிரித்தேன் (தைப்பதைவிடப் பிரிப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்). இப்போதெல்லாம் தைப்பதற்கு முன் துணிகளைத் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்துவிடுவேன். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது எடுபடாது.

சரி, கண்ணால் பார்த்தால்தான் தைக்க முடியுமா? ஹாரியட் பவர்ஸ் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்தவர். 1890களில் அவர் தைத்த ஒரு க்வில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் 15 கட்டங்களில் பெரும்பாலானவை பைபிள் கதைகள். மீதியில் ஒன்றில் 1833 நவம்பர் இரவு, எரிகற்கள் மழையாகக் கொட்டியது. அவர் பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது அது! யாரோ சொல்லக் கேட்டதைத்தான் தைத்திருக்கிறார்.

நாவல் படிக்கும்போது எனக்கு நடப்பதும் இதுதான். கதையில் வரும் வீட்டில் கிணறு எந்தப் பக்கம், வாசலில் எத்தனை படி என்றெல்லாம் எனக்குத் தெரியும். திரும்பப் புரட்டித் தேடினால் எழுத்தாளர் அதையெல்லாம் எழுதியிருக்கவே மாட்டார்.

ஆனால் நடைக்குப் போகும்போது புத்தகம் எடுத்துப்போவதை நிறுத்திவிட்டேன். ஒரு தடவை கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் விடிய விடியப் படித்து, அப்படியே தூங்கி, சூரிய உதயத்தைக் கோட்டை விட்டேன். பாதியில் நிற்கிறது என்றேனே, அந்த க்வில்ட் இந்த உதயம்தான். கூட வந்தவர்கள் சொன்னதை வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். வானம் ஆரஞ்சா, ரோஜா நிறமா என்பதில் அவர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை ஓயவில்லை.