மேஸ்திரியா, கம்பெனியா?

கேள்வி: எங்கள் ஃபிளாட் பாத்ரூம் ஐந்துக்கு எட்டு அடி. கீழ்வீட்டு சீலிங்கில் ஈரம் தெரிவதால் முழுக்க உடைத்துப் புதிதாகப் போடப் போகிறோம். தெரிந்த மேஸ்திரி தினக்கூலிக்கு வருகிறேன் என்கிறார். இன்னொருவர் லேபர் கான்ட்ராக்ட் கேட்கிறார். இன்டீரியர் கம்பெனி ஒன்று பொருளோடு சேர்த்து ரேட் தந்திருக்கிறது. யாரிடம் கொடுக்கலாம்?
- வாசகி, தாம்பரம்

பதில்: தினக்கூலி வேண்டாம். பெரும்பாலும் கசிவது நஹானி டிராப்பை, அதாவது தரைத் தண்ணீர் வெளியேறும் வடிகால் குழியைச் சுற்றித்தான். டிராப்பை வைப்பவர் பிளம்பர், சுற்றிக் கலவை போட்டு அடைப்பவர் கொத்தனார். நாளைக்கு ஒழுகினால் இவர் அவரைக் கை காட்டுவார், அவர் இவரை. உடைப்பு, பைப், வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ் நான்கும் ஒரே ஆள் பொறுப்பில் இருக்கட்டும். சொந்தமாக பிளம்பர் வைத்திருக்கும் லேபர் கான்ட்ராக்டர் என்றால் அவரே போதும். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுங்கள். அலைய நேரமில்லை என்றால் கம்பெனி. ஆனால் கையெழுத்துப் போடும் முன், வேலைக்கு வரப்போகிற மேஸ்திரியைப் பார்த்துவிடுங்கள். பல கம்பெனிகள் வெளியாளிடம்தான் வேலையைத் தள்ளிவிடுகின்றன.

யாராக இருந்தாலும் இரண்டு கேள்வி. பள்ளமான ஸ்லாப் (கான்கிரீட்டைத் தாழ்வாகப் போட்டு மேலே நிரப்பிய தரை) என்றால் பழைய நிரப்பலை கான்கிரீட் வரை தோண்டி எடுப்பீர்களா? மேலே மட்டும் பூசினால் உள்ளே ஊறிய தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அடுத்து, வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் வைத்துக் காட்டுவீர்களா? “அதெல்லாம் தேவையில்லை மேடம்” என்பவரை அனுப்பிவிடுங்கள்.

கொட்டேஷனில் சதுர அடியைச் சரிபாருங்கள். தரை 40, ஏழடி உயரத்துக்குச் சுவர், கதவு கழித்தால் சுமார் 165. வெட்டுச் சேதம் பத்து சதவீதம் சேர்த்தால் 225 சதுர அடி டைல்ஸ். 300 என்று எழுதியிருந்தால் கணக்குக் கேளுங்கள். உடைத்த குப்பையை இறக்கி ஏற்றும் கூலி பல கொட்டேஷன்களில் இருக்காது. கடைசி நாளில்தான் கேட்பார்கள்.

அவர்கள் செய்த பாத்ரூமை போட்டோவில் பார்ப்பதில் பயனில்லை. இரண்டு வருடமாகப் புழங்கும் ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள். பாத்ரூம் சுவருக்கு மறுபக்கம், அடியில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்பதே முக்கியம்.

பணம்: அட்வான்ஸ் 20 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். சுவரை மூடுமுன் பைப் பிரஷர் டெஸ்ட் (பைப்பில் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்ப்பது) முடிந்ததும் ஒரு தவணை, தண்ணீர் கட்டிப் பார்த்ததும் ஒன்று, டைல்ஸ் முடிந்ததும் ஒன்று. பத்து சதவீதத்தை ஒரு மாதம் புழங்கிய பிறகு கொடுங்கள். தண்ணீர் கட்டும் தேதியைக் கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவைத்து, 48 மணி நேரம் கழித்து அவர் சீலிங்கைப் பார்க்க மேஸ்திரியையும் கூட்டிப்போங்கள்.