ரைட்டர் டூல்பார்ல சொந்த ஐகான் மங்கலா தெரியுதா, இப்படிப் பண்ணிப் பாருங்க

256 பிக்சல்ல நீங்க வரைஞ்ச 'ழ' ஐகான் லிப்ரே ஆபிஸ் ரைட்டர்ல மேக்ரோ (பல வேலையை ஒரே கிளிக்ல செய்யற சின்ன புரோகிராம்) பட்டனுக்கு வச்சதும் கலங்கிப் போச்சுன்னு சொல்றீங்க, படம் நல்லாத்தான் இருக்கு, பிரச்சனை சைஸ்லதாங்க. இம்போர்ட் பண்றப்பவே ரைட்டர் படத்தை டூல்பார் அளவுக்குச் சுருக்கித்தான் சேமிக்கும். சின்ன ஐகான்னா 16, பெருசுன்னா 24, ரொம்பப் பெருசுன்னா 32 பிக்சல். 256ஐ 16க்கு நசுக்கினா 'ழ'வோட அடிச்சுழி அடைஞ்சு ஒரு கறுப்புப் பொட்டுதான் மிஞ்சும்.

அதனால முதல்ல டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ், வியூ போய் டூல்பார் ஐகான் சைஸ் ஆட்டோமேட்டிக்ல இருந்தா அதை மாத்தி பெருசுன்னு வைங்க. இதை முன்னாடியே பண்ணிடணும், ஏன்னா சின்னதுல இருக்கும்போது இம்போர்ட் பண்ணினா 16 பிக்சலாத்தான் சேமிக்கும்.

அப்புறம் இங்க்ஸ்கேப்ல (படம் வரையற இலவச சாஃப்ட்வேர்) பக்கத்தையே 24க்கு 24 பிக்சல்னு வச்சு கிரிட் (கட்டம்) போட்டு வரையுங்க. கோடு ரெண்டு பிக்சலுக்கு நடுவுல விழுந்தா ரெண்டுமே சாம்பலாயிடும், கோட்டோட ரெண்டு ஓரமும் கட்டத்தோட விளிம்புல ஒட்டி நிக்கணும். பின்னணி இல்லாம பிஎன்ஜியா எடுத்துக்கங்க.

கடைசியா டூல்ஸ், கஸ்டமைஸ், டூல்பார்ஸ்ல உங்க பட்டனைத் தேர்வு பண்ணி, மாடிஃபை, சேஞ்ச் ஐகான். பழசை டெலீட் பண்ணிட்டு புதுசை இம்போர்ட் பண்ணுங்க. அந்தப் பெட்டியிலேயே எத்தனை பிக்சல் வேணும்னு ஒரு குறிப்பு இருக்கும், அதையும் ஒருதடவை பார்த்துக்கங்க.

இதுக்கப்புறமும் மங்கலா இருந்தா ஸ்கிரீன்ஷாட் போடுங்க, பார்க்கறேன்.