நிலவியல் ஆய்வு மையம் நீரையும் விலங்குகளையும் ஏன் ஆராய்கிறது?

யு.எஸ்.ஜி.எஸ். எனச் சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம், நிலத்தையும் கனிம வளத்தையும் கணக்கெடுப்பதற்காக 1879இல் தொடங்கப்பட்ட அரசு அறிவியல் அமைப்பு. வறண்ட மேற்குப் பகுதியில் பாசனத்துக்கு எவ்வளவு நீர் கிடைக்கும் என்று அறியும் தேவை எழுந்தபோது, 1889இல் நியூ மெக்சிகோவின் எம்புடோவில், ரியோ கிராண்டே ஆற்றில் தன் முதல் நீரோட்ட அளவீட்டு நிலையத்தை அது அமைத்தது. உயிரியல் ஆய்வுப் பிரிவோ 1996இல்தான் வந்து சேர்ந்தது. பாறையின் தன்மை நிலத்தடி நீரையும், அந்நீர் மீனையும் பறவையையும் பாதிப்பதால், இவற்றைத் தனித்தனியே அளந்தால் பாதிதான் விளங்கும். கிணறு வற்றினால் மழையை மட்டும் பாராமல், அடியில் இருப்பது பாறையா மணலா, பக்கத்துத் தோட்டத்தில் புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டார்களா என்றும் விசாரிப்போமே, அதைப் போன்றது இது. நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று இம்மையம் கணித்துவிடும் எனப் பலர் நம்புவது தவறு. வரும் ஆண்டுகளில் அது நேர்வதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதையே அதனால் மதிப்பிட முடியும்.