ஐந்து பக்கத்துக்கு வருஷம் பதினெட்டாயிரமா?

கேள்வி: பாத்திரக்கடைக்கு ஐந்து பக்கத்தில் ஒரு வெப்சைட். செய்து கொடுத்த பையன் 'ஹோஸ்டிங்' என்று, அதாவது சைட்டை இணையத்தில் வைக்கும் இடத்துக்கு, வருஷம் ₹18,000 வாங்குகிறார். அமேசானின் இணையக் கிடங்கான எஸ்3-இல் போட்டால் சில்லறைக் காசுதான் என்கிறார் மருமகன். யார் சொல்வது சரி? (கும்பகோணம்)

பதில்: மருமகன். யார் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிகிற சைட்டுக்குத் தனி சர்வர் எதற்கு? ஃபைல்களை எஸ்3-இல் ஒரு பக்கெட்டில் (பெட்டி மாதிரி) போட்டு வைத்தால் போதும். அமேசானின் மும்பை மையத்தில் 1 ஜிபிக்கு மாதம் 0.025 டாலர். உங்கள் ஐந்து பக்கமும் அதில் ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் எஸ்3-இன் வெப்சைட் முகவரிக்கு எச்டிடிபிஎஸ், அதாவது பூட்டுப்போட்ட பாதுகாப்பான இணைப்பு, கிடையாது. பிரவுசர் 'பாதுகாப்பில்லை' என்று பயமுறுத்தும். அதனால் முன்னால் அமேசானின் இன்னொரு சேவையான கிளவுட்ஃப்ரண்டை நிறுத்த வேண்டும். அது உலகமெங்கும் நகல் வைத்துக்கொண்டு, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும். சென்னையிலும் அதற்கு இடம் உண்டு. மாதம் 1 டிபி (சுமார் 1,000 ஜிபி) வரை வெளியே அனுப்ப இலவசம், எச்டிடிபிஎஸ்-க்கு வேண்டிய சான்றிதழும் இலவசம். பையன் அவ்வப்போது விலைப்பட்டியலை மாற்றித் தருகிறார் என்றால் அது உழைப்புக்குக் கூலி, கொடுங்கள். ரசீதில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மும்பையில் சான்றிதழ் எடுத்தேன். கிளவுட்ஃப்ரண்ட் பட்டியலில் வரவே இல்லை. (மதுரை)

பதில்: அமெரிக்காவிலுள்ள அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையத்தில் எடுங்கள். கிளவுட்ஃப்ரண்டுக்கு அது ஒன்றுதான் செல்லும்.

கேள்வி: விலையை மாற்றி ஃபைலை ஏற்றிவிட்டேன். வாடிக்கையாளருக்குப் பழைய விலையே தெரிகிறது. (ஈரோடு)

பதில்: வேறு எதுவும் சொல்லாவிட்டால் கிளவுட்ஃப்ரண்ட் நகலை 24 மணி நேரம் வைத்திருக்கும். பழைய நகலை நீக்கச் சொல்லும் 'இன்வாலிடேஷன்' கொடுங்கள். மாதம் முதல் 1,000 பாதைகளுக்கு (ஃபைல் முகவரிகளுக்கு) காசில்லை. அதுவரை பழைய விலைக்கே கொடுத்துவிடுங்கள், தப்பு உங்களுடையது.

கேள்வி: கல்யாண வீடியோக்களை எஸ்3-இல் போட்டு, லிங்க்கை எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் அனுப்பினேன். மாதத்தில் 900 ஜிபி போய், ஒன்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் பில். இது கொள்ளை இல்லையா? அமேசானிலிருந்து மெயில் வந்தது, நான்தான் பார்க்கவில்லை. (சேலம்)

பதில்: கொள்ளை இல்லை, கணக்கு. மும்பை எஸ்3-இலிருந்து நேராக வெளியே போனால் முதல் 100 ஜிபி இலவசம். மீதி 800-க்கு ஜிபி சுமார் 0.11 டாலர், மேலே 18% ஜிஎஸ்டி. போட்டுப் பாருங்கள், சரியாக வரும். அதே 900 ஜிபி கிளவுட்ஃப்ரண்ட் வழியாகப் போயிருந்தால் 1 டிபிக்குள் அடங்கியிருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து புதுப் பக்கெட் எல்லாம் வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டியேதான் வருகிறது. அந்தப் பூட்டுக்கான டிக்கை எடுத்து, எச்சரிக்கைக்கும் 'சரி' சொல்லித் திறந்தது நீங்கள். வந்த மெயிலையும் பார்க்கவில்லை. நான் என்ன செய்ய? இனிமேல் பட்ஜெட் அலாரம் வையுங்கள். அது எச்சரிக்கும், தானாகக் குழாயை அடைக்காது.

கேள்வி: தையல் வகுப்புதான் என் பிழைப்பு. வெப்சைட் செய்த டிசைனர் டொமைனை (சைட்டின் முகவரியை) தன் பெயரில் பதிந்துவிட்டு, திருப்பித் தர ₹25,000 கேட்கிறார். பணம் எல்லாம் நான்தான் கட்டினேன். (திண்டுக்கல்)

பதில்: அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 'எல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்று சொல்லி அடுத்தவர் முகவரியைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது, வீடு கட்டக் கூப்பிட்ட மேஸ்திரி பத்திரத்தைத் தன் பெயரில் போட்டுக்கொள்வது மாதிரி. நானும் ஏமாந்தவன்தான். தள்ளுபடி என்று மூன்று வருஷத்துக்கு 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் வாங்கினேன். நாலாம் வருஷம் புதுப்பிக்க நாலு மடங்கு கேட்டார்கள். விலகலாம் என்றால் டொமைன் அவர்கள் பெயரில்! கடைசியில் அந்தப் பெயரையே விட்டுத் தொலைத்தேன்.

நீங்கள் விடாதீர்கள். சைட்டின் ஃபைல்களை இன்றே நகல் எடுங்கள். யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, டொமைன் மாற்றும் குறியீட்டை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 'வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் இல்லை' என்று எதிராளி சொல்லுவார். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருள் அதில் சேராது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, அதை வைத்து வாதாடுங்கள். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: சைட் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் இலவசம்தானே, அது போதாதா? (நாகர்கோவில்)

பதில்: கவிதைக்கும் ரெஸ்யூமேக்கும் தாராளமாகப் போதும்: சைட் 1 ஜிபி வரை, பார்ப்பவர்களுக்குப் போவது மாதம் 100 ஜிபி வரை. ஆன்லைன் கடை நடத்த அவர்கள் விதி இடம் தராது.