ஓடிபி வராமலே பணம் போகுமா?

கேள்வி: அம்மாவிடம் ஏடிஎம் கார்டும் இல்லை, ஸ்மார்ட்போனும் இல்லை. கணக்கில் 10,000 ரூபாய் குறைந்திருக்கிறதே, எப்படி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: பாஸ்புக்கில் அந்த வரியில் 'ஏஇபிஎஸ்' (AEPS) என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால், ஆதார் வழியாக எடுத்திருக்கிறார்கள். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை போதும், ஓடிபி கேட்காது. பத்திர நகலில் உள்ள ரேகையை சிலிகோனில் வார்த்துத் திருடிய வழக்குகள் உண்டு.

உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கியில் எழுத்துப் புகாரை 3 வேலை நாட்களுக்குள் கொடுங்கள்; தாமதித்தால் இழப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம். ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

பிறகு, மைஆதார் இணையதளத்தில் அம்மாவின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை போன்ற பதிவுகளை, பூட்டுங்கள். உங்கள் போனிலேயே செய்யலாம். ஓடிபி மட்டும் ஆதாரில் பதிந்த அம்மாவின் எண்ணுக்கு வரும். ஒரு தொல்லை: ரேஷன் கடையில் ரேகை ஏற்காது. தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் மீண்டும் பூட்டிக்கொள்ளும் என்பதால், வரிசையில் முறை நெருங்கியபின் திறங்கள்.