20 டன் பொக்லைனை லோபெட்டில் (தளம் தாழ்வான டிரெய்லரில்) ஏற்றினால் சங்கிலி போட்டே ஆக வேண்டுமா? அவ்வளவு எடை எங்கே நகரப் போகிறது?

கட்டாயம் போட வேண்டும். நான்கு மூலைக்கும் நான்கு சங்கிலி, பூமுக்கும் (பொக்லைனின் கை) பக்கெட்டுக்கும் சேர்த்துத் தனியாக ஒன்று. பதில் இவ்வளவுதான். ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதியைப் படித்த பிறகு அப்படியே கடந்து போக மனம் வரவில்லை. இதே வார்த்தையைக் குவாரி குவாரியாக நின்று கேட்டவன் நான்.

நீங்கள் அநேகமாக உங்கள் முதல் பொக்லைனை வாங்கியிருக்கிறீர்கள். செகண்ட்ஹேண்டாக இருக்கும், கடனும் இருக்கும். வேலை கிடைத்த இடம் தூரம். டிரெய்லர்காரர் சொன்ன வாடகை கைக்கு மீறியதாகத் தெரிகிறது. சங்கிலி, பலகை, பெர்மிட் என்று அவர் அடுக்குவதெல்லாம் காசு பிடுங்கவோ என்று சந்தேகம் வந்திருக்கிறது. அப்படி இல்லை என்றால் மன்னிக்கவும். அப்படித்தான் என்றால் மேலே படியுங்கள்.

சங்ககிரியில் சொந்த லோபெட் வைத்து நானே ஓட்டுகிறேன். இன்ஜினியர் இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்குத் தேவையான கணக்கைக் கேட்டும் படித்தும் தெரிந்து வைத்திருக்கிறேன்.

பேருந்தில் நின்றுகொண்டு போகிறோம், டிரைவர் சட்டென்று பிரேக் போடுகிறார், எல்லோரும் முன்னால் போய் விழுகிறோம். உடம்பு கனமானவர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. அதேதான் இங்கேயும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சரக்குக் கட்டுவதற்கு வைத்திருக்கும் கணக்கு என்னவென்றால், பலமாகப் பிரேக் பிடிக்கும்போது சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் தள்ளும், பக்கவாட்டில் பாதி எடை அளவுக்குத் தள்ளும். 20 டன் வண்டி என்றால் கேபினை நோக்கி 16 டன். இரும்புத் தளத்தின் மேல் பொக்லைனின் இரும்பு டிராக் (சக்கரத்துக்குப் பதிலாகச் சுற்றும் பட்டை) நின்றால் உராய்வு தாங்குவது காய்ந்திருக்கும்போதே 2 முதல் 4 டன் வரைதான். கிரீஸோ ஈரமண்ணோ இருந்தால் அதுவும் கிடையாது. கீழே நல்ல மரப்பலகை போட்டால் 8 டன் பக்கம் வரும். மீதியைச் சங்கிலிதான் தாங்க வேண்டும். எடை கூடக்கூட முன்னால் தள்ளும் விசையும் அதே அளவு கூடும். ஆகவே எடையை நம்பிச் சங்கிலியை விடுவதில் அர்த்தமே இல்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கிரானைட் குவாரியிலிருந்து கரூருக்கு ஒரு 20 டன் வண்டி. நல்ல மழைக்காலம். வண்டி நேராகக் குழியிலிருந்து ஏறி வந்திருந்தது, டிராக் முழுக்கச் செம்மண் அப்பியிருந்தது. அப்படியே ஏற்ற முடியாது, கடப்பாரையால் சுரண்டித் தண்ணீர் அடித்த பிறகுதான் ஏற்றுவேன் என்று சொன்னேன். ஆபரேட்டர் தம்பி ஒரு வார்த்தை பேசாமல் வேலையை ஆரம்பித்துவிட்டான். வண்டியின் சொந்தக்காரர்தான் துள்ளினார். சின்ன வயது, காண்ட்ராக்டர். "ஏனுங்கண்ணா, இருபது டன் இரும்புங்க. இது எங்கீங்க நகரப் போகுது? கரூர்ல காலைல வேலை ஆரம்பிக்கோணும்" என்றார். "தம்பி, உங்க வண்டி எனக்குப் பின்னாடி நிக்கப் போகுது. பிரேக் அடிச்சா அது வந்து சேர்ற இடம் என் சீட்டு. கட்டி முடிக்காம நான் சாவி போட மாட்டேன்" என்றேன். வேறு டிரெய்லர் பிடிக்கிறேன் என்று போனை எடுத்தார். தாராளமாகப் பிடியுங்கள் என்றேன். அந்த நேரத்துக்கு யாரும் வரவில்லை, அது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், எங்கள் பக்கத்து ஊர் டிரைவர் ஒருவர் இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிப் போனபோது பிரேக்கில் அந்தச் சுருள் கேபினுக்குள் வந்துவிட்டது. ஆளை எடுக்கவே பல மணி நேரம் ஆனது. அந்தச் சரக்கும் கனமானதுதான்.

சரி, அன்றைக்கு எப்படிக் கட்டினோம் என்று சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படும். தளத்தில் பலகை, அதன்மேல் டிராக். பூமை மடக்கி, பக்கெட்டை ஒரு கட்டையின் மேல் இறக்கி உட்கார வைத்தாயிற்று. மேல் பாகம் சுழலாமல் ஸ்விங் லாக். இன்ஜின் ஆஃப், கதவு பூட்டு. அப்புறம் சங்கிலி. கொக்கியை டிராக் ஃபிரேமில் அதற்கென்று உள்ள துளையில் மாட்ட வேண்டும். டிராக் தகட்டிலோ ஹைட்ராலிக் சிலிண்டரிலோ மாட்டவே கூடாது. இரண்டு சங்கிலி முன்னோக்கி இழுக்க வேண்டும், இரண்டு பின்னோக்கி. பிரேக்கின்போது வண்டியைப் பிடித்து வைப்பது அந்தப் பின்னோக்கிய இரண்டுதான். பலர் நேர் கீழாகச் செங்குத்தாகக் கட்டிவிட்டு நான்கு போட்டாயிற்று என்பார்கள். அது வண்டி மேலே குதிக்காமல் தடுக்கும், முன்னால் போவதைப் பெரிதாகத் தடுக்காது. கிரேடு 80 சங்கிலியில் 10 மி.மீ. தடிமன் என்றால் கட்டுவதற்கான கணக்கில் சுமார் 6.3 டன், 13 மி.மீ. என்றால் 10 டன். சரிவாகப் போவதால் முழுத் திறனும் கைக்கு வராது. அதனால் நான் 13 மி.மீ. மட்டுமே வைத்திருக்கிறேன். சங்கிலியை இறுக்குவதற்குத் திருகி இறுக்கும் ராட்செட் பைண்டர். நெம்புகோல் பைண்டர் கைதவறினால் தாடையைப் பெயர்த்துவிடும். கடைசியாக டிராக் முடியும் இடத்தில் தளத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். ஒவ்வொரு லோடுக்கும் போடுவேன்.

தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம். இந்த வழியில் ஓட்டுகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கி, கடைசியில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் எத்தனை உயிர் போயிருக்கிறது அங்கே. நான் சின்ன கியரில்தான் இறங்கினேன். பாதி இறக்கத்தில் ஒரு கார் இடப்பக்கமாக ஏறி வந்து என் மூக்குக்கு முன்னால் வெட்டி, அங்கேயே பிரேக்கும் போட்டது. எனக்கு வேறு வழியில்லை, முழு பிரேக். டயர் கத்தியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இறக்கம் முடிந்து ஓரங்கட்டிப் போய்ப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டிலிருந்து டிராக் ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. பின்னால் காரில் வந்த காண்ட்ராக்டரும் இறங்கி வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, எனக்கும் கிளீனருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வண்டி எங்கே போனாலும் எனக்குத்தான் போன் வரும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாட்டினால் உங்கள் வேலைதான் நிற்கும். எடையில் பொதுவாகச் சிக்கல் இருக்காது. 2018ல் மொத்த எடை உச்சவரம்பை 49 டன்னிலிருந்து 55 ஆக்கினார்கள், 20 டன் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து அதற்குள் அடங்கும். உங்கள் டிரெய்லரின் ஆர்சியில் உள்ள எடையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கல் அகலத்தில். சாலையில் போகும் வண்டிக்கு அகலம் 2.6 மீட்டர்தான். 20 டன் பொக்லைனின் டிராக் அகலமே 2.8 மீட்டர் வாக்கில் இருக்கும், நீள டிராக் மாடல் என்றால் 3 மீட்டரைத் தொடும். தளத்துக்கு வெளியே டிராக் நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194வது பிரிவில், பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ அளவு மீறி நீட்டினால் 20,000 ரூபாய் அபராதம். எடை மீறினால் 20,000, அதற்கு மேல் டன்னுக்கு 2,000. இரண்டிலும் சரக்கை இறக்கும் செலவு தனி. நடுரோட்டில் பொக்லைனை இறக்கு என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சொன்னால் எங்கே போவீர்கள்?

உயரத்துக்கும் ஒரு வார்த்தை. சாதாரண டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர், அதன்மேல் 3 மீட்டர் வண்டி என்றால் நாலரை ஆகிவிடும். கிராமத்து மின்கம்பி, ரயில் பாலத் தடுப்பு எல்லாம் இடிக்கும். லோபெட்டுக்குக் கூடுதல் வாடகை கேட்பது இதற்காகத்தான். ஏற்றி முடித்ததும் பூமின் உச்சியை அளக்கச் சொல்லுங்கள்.

"நாங்கள் காலம் காலமாகக் கட்டாமல்தான் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை" என்று கீழே யாராவது எழுதுவார்கள். உங்களுக்கு இதுவரை முழு பிரேக் போடும் நிலைமை வரவில்லை, அவ்வளவுதான். அமெரிக்க விதியெல்லாம் நம் ஊருக்கு எதற்கு என்பவர்களுக்கும் சொல்கிறேன். 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன்னைத் தாண்டிய இயந்திரத்துக்குக் குறைந்தது நான்கு கட்டு, பூமை இறக்கித் தனிக் கட்டு என்று அங்கே விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கம் அதைச் செய்ய யாரும் தடுக்கவில்லை. முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்திக் கட்டைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி. நான் அதற்கும் முன்பே, முதல் டீக்கடையிலேயே நிறுத்திவிடுவேன். ஓடிய அதிர்வில் சங்கிலி கொஞ்சமாவது தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, நான் ஆதங்கத்தில் சொல்வது. எங்களிடம் வாடகையைப் பேசிப் பேசிக் குறைக்கிறீர்கள். இறக்கும் இடத்துக்குப் போனால் சைட் தயாராக இல்லை, லோபெட் உள்ளே போகப் பாதை இல்லை, ஆபரேட்டர் நாளைக்குத்தான் வருவார் என்கிறீர்கள். இரவு முழுக்க வண்டியிலேயே கிடக்கிறோம், குளிக்க வழியில்லை. காலையில் காத்துக் கிடந்ததற்கான ஹால்டிங் வாடகை கேட்டால் முகம் மாறுகிறது. ஒரு முறை ஒரு பெரிய சாலை வேலைக்கு வண்டி இறக்கப் போய்க் காத்துக் கிடந்த பணம் இன்றுவரை வரவில்லை. கேட்டால் பில்லில் இல்லையே என்கிறார்கள். லோபெட் நின்றாலும் எனக்குத் தவணை நிற்காது.

அதனால் வண்டி ஏற்றுவதற்கு முன்பே வாடகை, ஹால்டிங், பெர்மிட் செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். டிரெய்லரின் இன்சூரன்ஸ் உங்கள் பொக்லைனுக்குச் செல்லாது, வழியில் ஏதாவது ஆனால் பணம் கிடைக்க டிரான்சிட் பாலிசி (கொண்டுபோகும் சரக்குக்கான இன்சூரன்ஸ்) தனியாக எடுக்க வேண்டும். அதையும் புறப்படும் நாளைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.